பாடைச்சுழிக் குதிரை

எனக்குக் குதிரை என்றால் பயம். இந்த வயதிலும் அது போகவில்லை. கல்யாணமாகிப் போகிறவளுக்கு மாமியாரிடம் பயம் இருக்கும், புது ஊரிடம் பயம் இருக்கும். எனக்கு அந்த வரிசையில் குதிரைகளும் வந்து சேர்ந்துகொண்டன. மாப்பிள்ளை குதிரைப் பண்ணையில் வேலை பார்க்கிறார் என்று தரகர் சொன்னபோது, கணக்கு வழக்கு பார்க்கிறவர் போலிருக்கிறது என்று எங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். குதிரை மேல் ஏறிப் பாய விடுகிறவர் என்பது தாலி ஏறிய பிறகுதான் தெரிந்தது.

பண்ணை ஓசூரிலிருந்து சூளகிரி போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. ஐம்பதுகளில் அந்தப் பக்கம் தொழிற்சாலை என்ற பேச்சே கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை ராகிக் காடும் கொள்ளுக் காடும்தான். பண்ணை தனியொருவருக்குச் சொந்தமில்லை. பெங்களூர்ப் பக்கத்து வசதியான ஆட்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து நடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வந்து சவாரி செய்துவிட்டுப் போவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, அறுவடை முடிந்து ஜனங்கள் கை ஓய்ந்திருக்கும் சமயம், சுற்றுப்பட்டு ஊர்களையெல்லாம் கூட்டிக் குதிரை விழா நடத்துவார்கள். சங்கத்தின் செக்ரெட்டரி பட்டாளத்தில் இருந்து வந்தவர். நம்மைப் போலவே கறுப்பு மனிதர்தான், ஆனாலும் எல்லோரும் அவரைத் துரை என்றே கூப்பிட்டார்கள். அவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

லாயத்துக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கு வரிசையாக ஓட்டு வீடுகள். எங்களுக்கு ஒன்று. பக்கத்து வீட்டில் லாடம் அடிப்பவரும் அவர் பெண்சாதியும். அந்த அக்கா என்னிடம் தமிழ் பேசுவாள், புருஷனிடம் தெலுங்கு, லாயத்து ஆட்களிடம் கன்னடம். எந்தப் பாஷையிலும் நல்ல சேதி சொல்லி நான் கேட்டதில்லை. ஒருநாள் தண்ணீர்த் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள்தான் ஆரம்பித்தாள்.

"உங்க வூட்டுக்காரரு ஏர்றாரே ஒரு செவலைக் குதிரை, அதும் முதுவுல என்ன சுழி இருக்குதுன்னு தெரியுமா? உனுக்கு யாரும் சொல்லலியா?"

எனக்கு யார் சொல்வார்கள். அவளே சொன்னாள். சேணம் உட்காரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு சுழி. அதற்குப் பாடைச்சுழி என்று பேர். வாங்கினவனைப் பாடையில் ஏற்றாமல் விடாது. அந்தக் குதிரையை முதலில் வைத்திருந்தவர் ராயக்கோட்டைப் பக்கம் ஒரு புளி வியாபாரி. நன்றாக இருந்த மனிதர், காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் வீட்டிலிருந்து வாங்கிய ஜட்கா வண்டிக்காரர் வண்டியோடு ஏரியில் விழுந்து போனார். அவர் பெண்சாதி, காசே வேண்டாம், கண்ணில் படாமல் போனால் சரி என்று பண்ணையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாளாம்.

மாட்டுக்குச் சுழி பார்ப்பதைப் பிறந்த வீட்டில் பார்த்தே வளர்ந்தவள் நான். எங்கள் அப்பா நல்ல சோடி மாடு ஒன்றை வால் பக்கம் இருந்த ஒரு சுழிக்காக வேண்டாம் என்று சந்தையிலேயே விட்டுவிட்டு வந்தவர். அதனால் அக்கா சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் நம்பினேன். பாத்திரத்தைப் போட்டது போட்டபடி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் சாப்பிட வந்ததும் கேட்டேன். சிரித்தார்.

"அது வாங்குனவனத்தான் புடிக்கும். நானா வாங்குனேன்? சங்கத்துக் குதிரை அது. சங்கத்துக்கு யாருனா பாடை கட்டுவாங்களா?"

"வேற குதிரை கேளுங்களேன்."

"கேட்டா, இவன் பயந்துட்டான்னு வேற ஆள ஏத்துவாங்க. அப்புறம் நான் சாணி வாரத்தான் லாயக்கு."

அவர் சிரித்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் அதன் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன், கவனித்ததும் அந்தத் தைரியமும் போய்விட்டது. மற்ற சவாரிக்காரர்கள் தாங்கள் ஏறும் குதிரையை 'என் குதிரை' என்பார்கள். இவர் வாயில் அது வராது. யாராவது "உன் செவலை எப்படி ஓடுது?" என்று கேட்டால், "சங்கத்துக் குதிரைங்க, நல்லா ஓடுது" என்று திருத்திச் சொல்வார். அதன் பழைய கயிறு, தேய்ந்த லாடம் எதையும் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். மற்ற வீடுகளில் நிலைக்கு மேல் குதிரை லாடம் ஆணியடித்திருக்கும், எங்கள் நிலை மட்டும் வெறுமையாக இருந்தது. லாயத்திலிருந்து வந்தால் முழங்கை வரை கழுவாமல் உள்ளே வர மாட்டார். சுழியை நம்பாதவர் செய்கிற காரியமா இது? என்னைவிட அவர் அதிகமாகப் பயந்துகொண்டிருந்தார். அது தெரிந்த பிறகு எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

விழாவில் அவர் செவலை மேல் முளை பிடுங்க வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். முளை பிடுங்குவது என்றால், தரையில் ஒரு மரமுளை அடித்திருப்பார்கள். குதிரையை முழு வேகத்தில் விட்டுக்கொண்டு வந்து, உடம்பைக் கீழே சாய்த்து, நீளமான ஈட்டியால் அந்த முளையைக் குத்தித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஈட்டி தரையில் ஆழமாகப் பாய்ந்துவிட்டால் போயிற்று, ஆளைத் தூக்கி எறிந்துவிடும். தினமும் காலையில் மைதானத்திலிருந்து குளம்புச் சத்தம் கேட்கும். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரை நான் வேலை செய்வேன். நின்றால் கை நின்றுவிடும். மறுபடி கேட்ட பிறகுதான் அடுத்த வேலை.

விழா நாளும் வந்தது. சூளகிரியிலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் கட்டுச் சோற்றோடு வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் வந்து இறங்கினார்கள். பொரி கடலை, மிட்டாய், வளையல், ராட்டினம், எல்லாம் வந்தாயிற்று. முதலில் கிராமத்துக்காரர்கள் தங்கள் மட்டக்குதிரைகளுக்குச் சலங்கை கட்டிக் கொண்டுவந்து காட்டினார்கள். குட்டிகளைப் பார்த்துப் பரிசு கொடுத்தார்கள். ஜட்கா ஓட்டப் பந்தயம் நடந்தது. பெங்களூரிலிருந்து கால்சட்டை போட்ட பெண்கள் வந்து மூங்கில் தடையைத் தாண்டினார்கள். என் வயதுதான் இருக்கும், குதிரை மேல் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். இவர்களைப் பெற்றவர்களுக்குப் பயமே கிடையாதா என்று நினைத்துக்கொண்டேன். ஊரே வேடிக்கை பார்த்துச் சிரித்த நாளில், புளியமரத்தடியில் பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்து நான் தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டிருந்தேன்.

முளை பிடுங்கும் போட்டி ஆரம்பித்தது. இவருக்கு முன்னால் போன ஆளின் ஈட்டி தரையில் இறங்கிவிட்டது. அவர் குதிரையை விட்டுத் தனியாக மேலே எழும்பி, தோள் பட விழுந்தார். ஒரு கதவுப் பலகையைக் கொண்டுவந்து, அதில் படுக்கவைத்து, நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். தோள்பட்டை எலும்புதான், உயிருக்கு ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். நான் பார்த்தது அந்தப் பலகையைத்தான். அடுத்தது இவர் பேரைக் கூப்பிட்டார்கள்.

என்னால் பார்க்க முடியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். குளம்புச் சத்தம் தரை வழியாக உட்கார்ந்த இடத்துக்கே வந்தது. அக்காவின் வாய் திறந்தது, மூடவில்லை. சத்தம் கிட்டே வந்து, எங்களைக் கடந்து, தூரம் போயிற்று. ஜனம் ஓவென்று கத்தியது. நான் அக்காவின் தொடையைக் கிள்ளினேன்.

"பாரு, தூக்கிட்டாரு," என்றாள்.

பார்த்தேன். ஈட்டி முனையில் முளையைக் குத்தி உயர்த்திப் பிடித்தபடி அவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். இன்னும் ஒரு தடவை ஓடினார், அதிலும் தவறவில்லை. அழுதுவிட்டேன். கூட இருந்த பெண்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும், எனக்கென்ன. கதை இதோடு முடிந்திருந்தால் குதிரை மேல் இருந்த பயமெல்லாம் அன்றைக்கே ஓடிப் போயிருக்கும்.

சாயங்காலம் பரிசு கொடுத்தார்கள். இவருக்கு வெள்ளிக் கோப்பை என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். துரை ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றார். சங்கத்துக்குப் புதுக் குதிரைகள் வரப்போகின்றன, செவலைக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது, இந்த ஆளைத் தவிர வேறு யாருக்கும் அது அடங்கியதில்லை, ஆகவே செவலையையே இவருக்குப் பரிசாகக் கொடுத்துவிடச் சங்கம் முடிவு செய்திருக்கிறது என்றார். தீனியும் பண்ணையிலிருந்தே கிடைக்கும் என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். தொப்பிகளும் தலைப்பாகைகளும் மேலே பறந்தன.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். குதிரை மேல் பாய்ந்து வந்தபோது எப்படி இருந்ததோ தெரியாது, இப்போது அதில் ரத்தமே இல்லை. துரை குதிரையின் கயிற்றை நீட்டினார், இவர் கை நீளவில்லை. குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போன எவருக்கும் தெரியும், எவ்வளவு பேசினாலும் பேச்சு வெறும் பேச்சுதான், கயிறு கை மாறினால் கால்நடை கை மாறியாயிற்று, அதற்குப் பிறகு திரும்பப் பேச்சே கிடையாது. துரைக்கு அதெல்லாம் தெரியாது. கூச்சப்படுகிறான் என்று நினைத்து, இவர் கையைப் பிடித்து இழுத்து, கயிற்றை உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் தானே மடக்கிவிட்டார். இவர் சலாம் வைத்தார். இத்தனை ஊர்ச் சனத்துக்கு முன்னால் வேண்டாம் என்று சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. அக்கா என் பக்கத்திலிருந்து எழுந்து போய்விட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு மூன்று உயிராக வீட்டுப் பக்கம் நடந்தோம். அவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு முன்னால், நான் ரொம்பத் தள்ளிப் பின்னால்.

"குந்தாரப்பள்ளிக்கு ஓட்டிக்கினு போய் வித்துடலாங்க," என்றேன்.

"சுழி பாக்காம எவன் வாங்குவான்?"

"சும்மா குடுத்துடலாம்."

"துரை குடுத்தத தானம் பண்ணிட்டு இந்தப் பண்ணைல இருக்க முடியுமா?"

எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொள்வது, யாரிடம் சுழிக்குப் பரிகாரம் கேட்பது என்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். இவரைக் காப்பாற்றிக் கொடு, வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

தண்ணீர்த் தொட்டிக்கிட்டே வந்ததும் நின்றார்.

"ந்தா, இத கொஞ்சம் புடி," என்று கயிற்றை நீட்டினார்.

குதிரைக்கு அவ்வளவு கிட்டே நான் போனதே இல்லை. அதன் மூச்சு என் தோளில் பட்டது. கயிற்றை வாங்கிக்கொண்டேன். அவர் தொட்டியில் குனிந்து முழங்கை வரை கழுவினார். முகம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கயிற்றுக்குக் கை நீட்டவில்லை.

"வாங்கிக்கோங்க," என்றேன்.

"உன்கிட்டயே இருக்கட்டும். உனுக்குத்தான் அது. கல்யாணமாகி வந்து உனுக்கு நான் ஒண்ணுமே வாங்கித் தரல இல்ல?"

சிரித்தார். சற்று முன்னால் மைதானத்தில் போன ரத்தம் முகத்துக்குத் திரும்பி வந்திருந்தது. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. அதற்குள் வரிசை வீட்டுப் பெண்களெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். "அவளுக்கே குடுத்துட்டேன்," என்று அவர்களிடம் உரக்கச் சொன்னார். கொடுத்துவைத்தவள், பெண்சாதிக்குக் குதிரையே கொடுக்கிற புருஷன் எங்கே கிடைப்பான் என்றார்கள். அக்கா மட்டும் அவள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குதிரை எங்கள் வீட்டுப் பக்கத்தில் பல வருஷம் கட்டிக் கிடந்தது. தண்ணீர் காட்டுவார், தீனி வைப்பார், யார் கேட்டாலும் "அவ குதிரைங்க" என்பார். எனக்கு லேசாக ஒரு இருமல் வந்தால் போதும், பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பார். "என்ன பண்ணுது?" என்று கேட்பார். ஒன்றுமில்லை என்று நான் சொன்னதே இல்லை. பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன்.