முன்கையில் ஊற்றிப் பார்த்த தண்ணீர்

மாமியின் பித்தளைக் கெண்டி இப்போது என் கிணற்றடியில் இருக்கிறது. அதன் மூக்கு கொஞ்சம் நசுங்கியிருக்கும். ஓட்டமாவடியில் எங்கள் தெருவில் ஒரு பெண் இறந்தால் குளிப்பாட்ட வருபவர், வாப்பாவின் தங்கையான இந்த மாமிதான். சுடுதண்ணீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து, முதலில் தன் முன்கையில் ஊற்றிப் பார்ப்பார். மவுத்தானவளுக்குச் சூடு தெரியுமா என்று ஒருமுறை கேட்டேன். "அவள் வாய் திறந்து சொல்லமாட்டாளே புள்ள, நாமதானே பார்க்கணும்" என்றார்.

நான் ஆங்கில ஆசிரியை. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் வுழூவை ஆங்கிலத்தில் அப்லூஷன் என்பார்கள் என்று சொன்னபோது மாமி விழுந்து விழுந்து சிரித்தார். "சொல்லக்குள்ளயே வாய் கொப்பளிக்கிற மாதிரிக் கிடக்கு!" லத்தீனில் அதற்குக் கழுவி அகற்றுதல் என்று பொருள். அந்தச் சொல் சமயச் சடங்குக்கு வருமுன், ரசவாதிகள் பொருட்களைக் கழுவித் தூய்மையாக்குவதற்கு அதை வைத்திருந்தார்களாம். ஆறு கொண்டுவந்து சேர்க்கும் வண்டலுக்கான அலூவியம் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். இதையெல்லாம் வகுப்பில் ஆசை ஆசையாகச் சொன்னவள் நான். இப்போது அந்தச் சொல் வந்தால் பொருளை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறேன்.

கொரோனாக் காலத்தில் மாமிக்கு மூச்சு முட்டியது. அம்புலன்ஸ் வந்து நின்றபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "என்ன ஏத்தாத புள்ள. அங்க மவுத்தானா குளிப்பாட்டாம அடக்கிருவாங்க. என்ன நீதான் குளிப்பாட்டணும்." ஒன்றும் ஆகாது மாமி, சுகமாகி வந்துவிடுவீர்கள் என்று சொல்லி, அவர் விரல்களை நான்தான் நிலையிலிருந்து பிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் மவுத்தானவரை மூடி ஒட்டிய பையில் கொண்டுவந்து, ஊருக்கு வெளியே காட்டு நிலத்தில் அடக்கினார்கள். தூர நின்று பார்த்த ஆண்கள் வந்து சொன்னார்கள். ஊர்ப் பெண்களையெல்லாம் குளிப்பாட்டியவர் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. ஏற்றாமல் விட்டிருந்தால் அதற்கும் நான்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன். அது எனக்குத் தெரியாமல் இல்லை. இயலாத நேரத்தில் குற்றமில்லை என்று மார்க்கம் படித்த ஆலிம்களும் சொன்னார்கள். அல்லாஹ் மன்னிப்பான். மாமியை நான் எந்த முகத்தோடு பார்ப்பேன்?

இன்று காலை மழைக்குளிர். வுழூ செய்யத் தண்ணீர் சூடாக்கி, கெண்டியில் கலந்து, முன்கையில் ஊற்றிப் பார்த்தேன். பதமாகத்தான் இருந்தது. மாமிக்குச் சுட்டிருக்காது.