மாதாவுக்கு நேர்ந்த முடி

மகன் ராணுவத்துக்குத் தேர்வானால் அவன் தலைமுடியை வேளாங்கண்ணி மாதாவுக்குக் கொடுப்பதாக என் மனைவி நேர்ந்துகொண்டிருந்தாள். என்னையும் கேட்கவில்லை, முடிக்குச் சொந்தக்காரனையும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மாதாவோடு நடக்கும் பேச்சுவார்த்தை எல்லாம் அவள் இலாகா. பையன் தேர்வாகிவிட்டான். ஆனால் வந்து சேரச் சொல்லி உத்தரவு வந்தபோது சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுக்கு ஆள் வருகிற நாளில் விட்டால் பிறகு அவர்களைப் பிடிக்க முடியாது. வேளாங்கண்ணி போய்வர ஒரு நாள் ஒழியவில்லை.

"லீவுல வரும்போது குடுத்துக்கலாம். மாதா எங்க போயிடப் போறாங்க" என்று நான்தான் சொன்னேன்.

நீடாமங்கலத்தில் ரயிலேற்றிவிட்டோம். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டே கையாட்டினான்.

பயிற்சி முகாமில் முதலில் கொஞ்ச நாள் போன் கொடுக்க மாட்டார்களாம். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சிறிது நேரம் கையில் தருவார்கள். எந்த நேரம் என்று சொல்ல முடியாது. ஆகவே என் மனைவி பூசைக்குப் போகும்போதும் போனை மடியில் கட்டிக்கொண்டு போனாள். முதல் அழைப்பு சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. கோயிலை விட்டு அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நானும் பின்னால் ஓடினேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா எதுவும் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், "தம்பி, முடி இருக்கா?" என்றாள்.

அவன் சிரித்தான். "வந்த அன்னைக்கே மிஷின் வெச்சு ஓட்டிட்டாங்கம்மா."

அவள் கோயில் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மாதாவுக்கு நேர்ந்த முடியைச் சர்க்கார் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டது. இதற்கு என்ன பரிகாரம் என்று சாமியாரைக் கேட்டாள். கடவுள் மனசைத்தான் பார்ப்பார், முடியைப் பார்க்க மாட்டார் என்றார் அவர். அவளுக்கு அது திருப்தியாக இல்லை. "அப்ப ஊரெல்லாம் ஏன் மொட்டை போடுது?" என்று வீடு வந்து சேரும்வரை என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு என்ன தெரியும்?

என் குழப்பம் வேறு. என் அப்பா பண்ணையாள். பண்ணைக் காரியக்காரர் வரப்பில் வந்தால் தோளில் கிடக்கும் துண்டு தானாக இறங்கி இடுப்புக்குப் போய்விடும். கை கட்டிக்கொள்ளும். வேலைக்குத் தாமதமாக வந்தார் என்பதற்காக அப்பாவை வெயிலில் நிற்க வைத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்தக் காலம் போய், நிலம் கைக்கு வந்து, நான் சொந்த வயலில் துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு நடந்தவன். என் பிள்ளை எவன் முன்னாலும் விறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, எவன் அதட்டலுக்கும் ஓடக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அவன் என்னடா என்றால், காலையில் எழுந்து வாய்க்கால் கரையில் ஓடி ஓடிப் பயிற்சி எடுத்து, விறைத்து நிற்பதே வேலையாக உள்ள இடத்துக்கு ஆசைப்பட்டுப் போய்விட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் என் தூக்கத்தைக் கெடுத்தார். ரகடா என்று ஒன்று உண்டாம். தப்பு செய்தவனை மைதானத்தில் உருள விடுவார்கள், மண்ணில் தவழ விடுவார்கள். சில சமயம் ஒருவன் செய்த தப்புக்கு எல்லோரும் உருள வேண்டும்.

"எதுக்குங்க அப்படி?" என்றேன்.

"அப்பத்தான் ஒருத்தனுக்கொருத்தன் ஒட்டுவான். கவலைப்படாதீங்க. பயிற்சி முடியட்டும், உங்க பையனை உங்களுக்கே அடையாளம் தெரியாது பாருங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போவது எனக்கு எதற்கு? நான் கேட்டேனா? இன்னொருவர், பக்கத்து வயல்காரர், நாற்றைப் பறித்து நட்டால் கொஞ்ச நாள் வாடும், அப்புறம் பச்சை பிடித்துக்கொள்ளும் என்றார். என் பிள்ளை நாற்று இல்லைங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிறு. தண்ணீரை முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள், அன்று எங்கள் முறை. பூசைக்குப் போகாமல் வயலில் மடையைத் திறந்துவிட்டு நின்றேன். மனைவி கோயிலில். அவள் போனுக்கு அடித்து, ஜெபத்தின் நடுவில் அவள் எடுக்காமல் போனாளோ என்னவோ, என் போன் அடித்தது. சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"அப்பா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இல்லய்யா. வயல்ல நிக்கிறேன்."

பின்னால் பையன்களின் கூச்சல். யாரோ இந்தியில் அதட்டுகிறார்கள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "அப்பா, நான் வந்துடட்டுமா?" என்றான்.

விழுந்தபோதும் அடிபட்டபோதும் அழாத பையன். அந்தக் குரல் எனக்குப் பழக்கமே இல்லை. வா என்று வாய்வரை வந்தது. இப்போதே கிளம்பி வா, இங்கே என்ன குறைச்சல் என்று. உடனே இன்னொன்றும் வந்தது. வந்து என்ன செய்வான்? இந்தச் சேற்றில்தானே என்னோடு நிற்பான்? பாதியில் ஓடிவந்தவன் என்று ஊர் சொல்லுமே? நாளைக்கு அவனே என்னைப் பார்த்து, நீங்கள் ஏன் வரச் சொன்னீர்கள் என்று கேட்டால்?

"சாப்பிட்டியா?" என்றேன்.

"சாப்பிட்டேன்பா."

"உன் இஷ்டம்யா" என்றேன். சொன்னவுடனே அது ஒரு பதிலே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. வேறு ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்ப அடித்தேன், அணைத்து வைத்திருந்தார்கள். இதற்குள் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மண்வெட்டி காலடியிலேயே கிடந்தது, அதை எடுத்து அடைக்கத் தோன்றவில்லை.

மனைவி வந்து, "எனக்கு அடிச்சிருக்கான், கவனிக்கல. உங்களுக்குப் பண்ணானா? என்ன சொன்னான்?" என்றாள்.

"ஊறுகா அனுப்பச் சொன்னான்" என்றேன்.

அவள் அன்றே எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. கிறிஸ்துமஸ் அன்றும் வரவில்லை. அவள் அதிரசம் சுட்டு ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. "முடிதாங்க காரணம். மாதா கணக்கை நாம தீர்க்கல" என்று ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே காரணம் முடி. எனக்குத் தெரிந்த காரணத்தை அவளிடம் சொல்ல முடியாது. கிளம்பிவிட்டானோ? வழியில் எங்காவது நிற்கிறானோ? ராத்திரி ரயில் சத்தம் கேட்டால் நான் எழுந்து உட்கார்ந்தேன். வந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைப்பேன். வாசலில் யாரும் இல்லை என்று தெரிந்ததும் அப்பாடா என்றிருக்கும். ஒரே மனசில் இரண்டும் எப்படி இருக்கும் என்று யாரையாவது கேட்கலாம் என்றால், யாரைக் கேட்பது?

உரம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு நாள் காலையில் வேளாங்கண்ணிக்கு பஸ் ஏறினேன். எனக்கு இந்த நேர்த்தியில் எல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் கை கால் சும்மா இருக்க மாட்டேன் என்றது. முடி எடுப்பவர் முன்னால் உட்கார்ந்தேன். நேர்ந்தது அவன் தலை, வந்திருப்பது என் தலை. பெற்றவன் தலை செல்லாதா என்ன? சாயம் போட்டு நான் பத்திரமாக வைத்திருந்த முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது.

குளித்துவிட்டு மாதா முன்னால் போய் முழங்காலில் நின்றேன். இனி கேட்க வேண்டும். அங்கேதான் சிக்கல். அவனைத் திருப்பி அனுப்பு தாயே என்று தொடங்கினேன். நடுவில் நிறுத்திவிட்டு, அவன் முடித்துவிட்டே வரட்டும் என்றேன். மறுபடி முதலில் இருந்து. எனக்குப் பின்னால் கூட்டம் நெருக்கியது. "நகருங்க ஐயா" என்று யாரோ தோளைத் தொட்டார்கள். எதில் நிறுத்தினேன் என்று நினைவில்லாமலே வெளியே வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் மனைவி முதலில் பதறினாள், பிறகு அழுதாள், பிறகு என் மொட்டைத் தலையை இரண்டு கையாலும் தடவிக்கொடுத்தாள். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்பதுபோல் இருந்தது அவள் முகம். "பயிற்சியை நல்லபடியா முடிக்கணும்னுதானே வேண்டிக்கிட்டீங்க?" என்றாள். தலையாட்டினேன். அவனிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு போன் வந்தது. காட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம், அங்கே போன் கிடையாதாம். துப்பாக்கி சுட்டதைப் பற்றிக் குஷியாகப் பேசினான். சப்பாத்தி பழகிவிட்டது என்றான். வந்துடட்டுமா என்று கேட்டவன் வேறு யாரோ என்பதுபோல் இருந்தது. நானும் கேட்கவில்லை. மாதா என் வேண்டுதலில் எந்தப் பாதியைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

சித்திரை வெயிலில் பயிற்சி முடிவு அணிவகுப்புக்குப் போனோம். இரண்டு நாள் ரயில். மனைவி புளிசாதமும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மைதானத்தில் ஒரே உயரம், ஒரே தொப்பி, ஒரே நடை. ஹவில்தார் சொன்னது சரிதான், எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான் "அதோ, அதோ" என்று கண்டுபிடித்தாள். எல்லாம் முடிந்து குடும்பத்தாரைப் பார்க்க விட்டார்கள். ஒரு சிப்பாய் நேராக வந்து என் முன்னால் காலைத் தட்டி நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தான். என் கை தானாகத் தோளுக்குப் போய்த் துண்டை இறக்கிவிட்டது.

எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. அவன் பார்த்துவிட்டான். என் அப்பாவின் கதையை நான் எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டவன். கையை இறக்கி, என்னிடமிருந்து துண்டை வாங்கி என் தோளிலேயே திரும்பப் போட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மனைவி தண்ணீர் பிடிக்கப் போனபோது என் தலையைப் பார்த்து, "என்னப்பா, முழுக்க வெள்ளையாயிடுச்சு?" என்றான். மொட்டை போட்டதைச் சொன்னேன்.

கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டான். "நான் அன்னைக்குக் கேட்டேனே, அதுக்கப்புறமா?"

"ஆமாய்யா."

"வந்துடணும்னு வேண்டிக்கிட்டீங்களா, இருக்கணும்னு வேண்டிக்கிட்டீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டையும்தான் கேட்டேன். நீ வந்திருந்தா எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கும். இருந்துட்ட, அதுவும் சந்தோஷமாத்தான் இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியலய்யா."

இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அன்னைக்கு இதைச் சொல்லியிருந்தீங்கன்னா வந்திருப்பேன்பா" என்றான்.

நன்றி சொல்கிறானா, குறை சொல்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் விசில் ஊதினார்கள். பாதிச் சோற்றோடு எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினான். ஓடும் அழகைப் பார்த்தால் என் பிள்ளைதான்.

மனைவி தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றாள். "அதுக்குள்ள போயிட்டானா? என்ன சொன்னான்?"

"ஊறுகா நல்லா இருந்துச்சாம்" என்றேன்.