வெறுங்கால் பெர்னார்ட்

புது வீட்டின் பூட்டைத் திறந்ததும் பெர்னார்ட் முதலில் செய்வது பூட்ஸைக் கழற்றுவது. உள்ளே சிமெண்டுத் தூள் பரவிக் கிடக்கும். உடைந்த டைல்ஸ் சில்லு, ஆணி, கம்பித் துண்டு எது வேண்டுமானாலும் கிடக்கும். இன்னும் குடிவராத வீட்டில் எவன் பார்க்கப் போகிறான்? மனிதர் கேட்க மாட்டார். "வீடுன்னா வீடுதான் லா. நாளைக்கு சாமி படம் மாட்டப் போற எடத்த பூட்ஸ் போட்டு மிதிக்கச் சொல்றீங்களா?" என்பார். அவர் கழுத்தில் தொங்குவது சிலுவை. ஆனாலும் அடுத்தவர் சாமிக்கு மரியாதை குறையக் கூடாது.

வயது ஐம்பத்து நான்கு. ரந்தாவ் பக்கம் ரப்பர், செம்பனைத் தோட்டங்களை வெட்டிச் சாய்த்த நிலத்தில் வரிசை வரிசையாக மாடி வீடுகள் எழும்புகின்றன. சாவி வாங்கியவர்கள் குடிபோகும் முன் குறை பார்க்க அழைப்பது பெர்னார்டைத்தான். மாடிக் குளியலறையில் தண்ணீரைத் தேக்கிவிட்டு, கீழே வந்து வெப்பக் கேமராவை உட்கூரைக்குத் திருப்புவார். ஈரம் பட்ட இடம் குளிர்ந்து திரையில் நீலமாகத் தெரியும். மின்பெட்டியில் தளர்ந்த கம்பி மஞ்சளாய்ப் பளிச்சிடும். புதுப் பெயிண்டை நம்பி வந்தவர்களுக்கு முகம் தொங்கிப்போகும். "கேமரா சுவத்துக்குள்ள பூந்து பாக்காது மா. மேல்தோல் சூட்டத்தான் காட்டும். மிச்சத்த நம்மதான் யோசிக்கணும்" என்று விளக்குவார். "சின்ன விசயம்ணே, ரிப்போட்ல போடாதீங்க" என்று கட்டியவர்களின் ஆள் வந்து குழைந்தாலும் பலிக்காது. "சின்னதா இருக்கும்போதே சொல்லிறணும் லா" என்று எழுதிவிடுவார்.

ஊரார் வீட்டு ஈரத்தைத் தேடி அலைகிறவர், தன் வலது காலைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை. பதினாறு வருட இனிப்புநீர் நோய். பாதம் மரத்துப்போய் ஒன்றரை வருடமாகிறது. போன மாதம் குதிகாலில் சில்லு ஏறியது அவருக்குத் தெரியவே தெரியாது. துடைத்த தரையில் ரத்தத்தைப் பார்த்து மனைவி டோரின்தான் அலறினாள். சிரம்பான் ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாயைச் சோதிக்க நாள் கொடுத்தார்கள். தள்ளிப்போட்டால் காலைக் காப்பாற்றுவது கஷ்டம் என்றும் சொன்னார்கள். முதல் தடவை மழை என்றார். அடுத்த தடவை வேலை என்றார்.

"வெறுங்கால்ல நடக்காதீங்கன்னு டாக்டர் தலைபாடா அடிச்சிக்கிட்டாரே, காதுல விழுந்துச்சா?" என்று டோரின் கத்தினால், "யூஜினும் ஒரு விரலக் காட்டத்தான் போனாரு" என்பார். யூஜின் அவருடைய அண்ணன். ஒரு விரலுக்காகப் போனவர், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தார். இப்போது ரஹாங்கில் மகள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே பொழுதைக் கழிக்கிறார். அந்த ஜன்னலை நினைத்தாலே பெர்னார்டுக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் கால் நகராது. பயம்தான், வேறென்ன.

சென்ற புதன்கிழமை காலை குமுதவல்லியின் வீடு. கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடம் நின்றுகொண்டே உழைத்து வாங்கிய முதல் வீடு. அவளும் வெறுங்காலோடு அவர் பக்கத்திலேயே நடந்து வந்தாள். கூடத்து டைல்ஸுக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, பெர்னார்ட் கேமராவைத் தரைக்குத் திருப்பினார். அவர்கள் நடந்து வந்த தடம் திரையில் தெரிந்தது. மிதித்த காலின் ரத்தச் சூடு கொஞ்ச நேரம் தரையில் தங்கும். அது அவருக்குப் புதிதல்ல. தன் வலது தடம் மாதத்துக்கு மாதம் மங்கி வருவதையும் அவர் பார்க்காமல் இல்லை. அன்றைக்கு அது அறவே இல்லை. குமுதவல்லியின் சின்னப் பாதங்கள் இரண்டும் மாறி மாறி மஞ்சளாக வந்திருந்தன. பக்கத்தில் ஒரு பெரிய இடது பாதம். அப்புறமும் இடது. அப்புறமும் இடது.

அவள் எட்டிப் பார்த்தாள். "இது என்னாண்ணே, யாரோ நொண்டி அடிச்ச மாதிரி இருக்கு?"

"கேமரா ஒரு மாதிரி பண்ணுது லா," என்று சொல்லி அதை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டார்.

குமுதவல்லியின் பார்வை அவர் குதிகால் பிளாஸ்திரியில் போய் நின்றது. மூலையில் இருந்த பையைத் துழாவி ஒரு ஜோடி சிலிப்பரை எடுத்து வந்தாள். "எங்க வீட்டுக்காரருக்குப் புதுசா வாங்குனது. வீட்டுக்குள்ள போடுறதுதான், தப்பில்ல. போட்டுக்குங்கண்ணே."

பெர்னார்ட் வாங்கிக்கொண்டார். மாட்டிக்கொண்டு படுக்கையறைக்குள் போய், சுவர் சுவராகப் படம் பிடித்தார். ஜன்னலுக்குக் கீழே ஒரு நீலத் திட்டு இருந்தது. "மா, இங்க வந்து பாருங்க," என்று திரும்பினார்.

நாலு எட்டுக்குப் பின்னால், கதவருகில், வலது கால் சிலிப்பர் கிடந்தது. எப்போது கழன்றதோ. குனிந்து காலைப் பார்த்தார். வெறும் பாதம்தான் தரையில் இருந்தது.

"வர்றேண்ணே," என்றாள் குமுதவல்லி, கூடத்திலிருந்து. காலடி நெருங்கியது. பெர்னார்ட் விறுவிறுவென்று கதவருகே போனார். இடது காலில் இருந்ததையும் கழற்றி, கிடந்ததன் பக்கத்தில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தார்.