நின்றுகொண்டு சொன்ன கதை

பென்னாகரம் சந்தை கலைகிறது. பஸ் நிற்கும் புளியமரத்தடியில், வத்தல்மலையிலிருந்து சாமை விற்க வந்த பத்துப் பன்னிரண்டு பேர் காலிச் சாக்குகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிறிஸ்தவக் கோயில் உபதேசியாரான எனக்கு இதைவிட நல்ல கூட்டம் வாய்க்காது. நான் நின்றுகொண்டே ஆரம்பிக்கிறேன். என் குரலுக்கு மைக் வேண்டாம். ஊரே ஒதுக்கி வைத்த வரிவசூல்காரன் வீட்டில் இயேசுசாமி போய்ச் சாப்பிட்ட கதையைச் சொல்லி முடிக்கிறேன்.

என் வயதிருக்கும் ஓர் அம்மா நிமிர்ந்து பார்க்கிறார்.

"நாங்க உங்க கோயிலுக்கு வந்தா எங்கங்க குந்தறது? கூலிக்குப் போன ஊருல பாத்தேனுங்க. ஒரு சாதி முன்னால குந்துது, ஒரு சாதி பின்னால நிக்குது."

பொய்யில்லை. அது எந்தக் கோயில் என்று எனக்குத் தெரியும். அங்கே நான் போட்ட சண்டை அந்த ஊருக்கே தெரியும்.

"என் பக்கத்துல குந்துங்க," என்கிறேன். "எவன் கேக்கறான்னு பாத்துக்கலாம்."

கூட்டம் சிரிக்கிறது. அந்த அம்மா சிரிக்கவில்லை. சாக்கை நகர்த்திவிட்டு, பக்கத்துப் புழுதியைக் கையால் தட்டிக் காட்டுகிறார்.

"அப்ப மொதல்ல நீங்க இங்க குந்துங்க."

சலவை வேட்டியோடு உட்காருகிறேன். அந்த அம்மா தன் தூக்குப்போசியைத் திறந்து, கேழ்வரகுக் களியில் பாதியைப் பிட்டு என் கையில் வைக்கிறார்.

"இப்பச் சொல்லுங்க," என்கிறார், "மொதல்லருந்து."