பச்சை விளக்குக்கு முதுகு காட்டியவர்

காஞ்சிபுரத்தில் மின் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு ஆபரேட்டர் வேலை. மாகறல் சப்-ஸ்டேஷனின் பழைய டேட்டா லைனைப் புது நெட்வொர்க்குக்குள் டன்னல், அதாவது தனி உள்வழி, போட்டு நுழைத்திருந்தார்கள். அதைப் பார்க்க வரும் டெக்னீஷியனுக்குக் குச்சி உடம்பு, பலகை மாதிரிக் கை. டன்னல் சரியாக இருக்கிறது என்று காட்ட எங்கள் அறைப் பெட்டியில் எரியும் பச்சை விளக்கைப் பார்க்கவே மாட்டார். அதற்கு முதுகைக் காட்டி நின்று, சப்-ஸ்டேஷனுக்குப் போன் போட்டு அங்கே நிலவரம் என்ன என்று கேட்பார். கிறுக்கன் என்று நினைத்தேன்.

ஒருநாள் மாகறலில் கம்பத்தில் ஏற இரண்டு பேர் காத்திருந்தார்கள். மின்சாரம் நின்றுவிட்டதாகத் திரை காட்டியது. "ஏறுங்க" என்று சொல்லப் போனை எடுத்தேன். அன்று பெட்டியைப் பார்க்க வந்திருந்த அவர் என்னைச் செவிட்டில் அறைந்து போனைப் பிடுங்கினார்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததில் அது கிழிந்தது. "பச்சை எரிஞ்சிக்கினுதானே இருக்குது?"

"டன்னல் அறுந்தாலும் இந்தப் பெட்டி அதை எரிய வைக்கும்டா, நாயே! திரையில இருக்கிறது காலையில வந்த சேதி."

சப்-ஸ்டேஷனைக் கூப்பிட்டார். "கரண்ட்டைத் திரும்ப வுட்டு ஒரு மணி நேரம் ஆச்சுபா, யாரையும் ஏத்தாதீங்க!" என்று அங்கே கத்தியது எனக்கும் கேட்டது.

கிழிந்த சட்டையோடு டன்னலைச் சரிசெய்ய உட்கார்ந்தார்.

சாயங்காலம் அந்த இரண்டு பேரும் வந்து, வெயிலில் காயவிட்டதாக என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். திட்டட்டும் என்று நின்றேன். உங்கள் உயிரைக் காப்பாற்றியவர் இவர்தான் என்று அவரைக் காட்டிச் சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அவர் வெளியே போய்விட்டார். ஏன் சொல்ல விடவில்லை என்று இன்றுவரை விளங்கவில்லை.