பாப்பாவை வெளிநாடு அனுப்பிய அப்பா

மேல்கோட்டை மலைக்குக் கீழே, வெல்லம் காய்ச்சும் ஒரு கொட்டகையை விட்டு நான் நடந்துகொண்டிருந்தேன். அடுப்புக்குக் கரும்புச் சக்கை தள்ளும் வேலை. ஏழு வாரம் செய்தேன். போதும் என்று தோன்றியது. காலையில் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பேருந்து பிடிப்பதா, வடக்கே போகும் லாரி எதிலாவது ஏறிக்கொள்வதா என்று முடிவு செய்யாமல் சாலையோரமாகப் போனபோது கைப்பேசி அடித்தது. அப்பா. அவராக யாரையும் கூப்பிடுகிறவர் அல்லர்.

"பெரியவனே, எங்கிருக்கற?"

"ரோட்டுல இருக்கறேன்ப்பா."

"அது தெரியும். எந்த ரோட்டுல?"

சொன்னேன்.

"பாப்பாவுக்குக் கெடச்சிருச்சு. ஜெர்மனிக்காரங்க லெட்டரு போட்டுட்டாங்க. படிப்பு, தங்கறது, சோறு, ஏரோப்பிளேனு, எல்லாம் அவங்களே."

பிறகு, "வந்து ஒரு வேளை சோறு உண்டுட்டுப் போ" என்றார். இரு என்று சொல்லவில்லை. நான் இருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். போனேன், மூன்று நாள் இருந்தேன், மறுபடி கிளம்பினேன்.

அப்பாவைப் பற்றி எழுதத் தகுதியானவள் என் தங்கைதான். வீட்டில் அவளைப் பாப்பா என்று அழைப்போம். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஆனால் அவள் ஜெர்மனியிலிருந்து, "நீயே எழுதுண்ணா, நீ பாத்தத மட்டும் எழுது" என்று சொல்லிவிட்டாள். அதனால் பார்த்ததையும் அப்பா வாயால் கேட்டதையும் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது கோபிநத்தத்தில், காடு முடிந்து காவிரி தொடங்கும் இடத்தில். இரண்டாவது மகன். கேழ்வரகுக் காடு கொஞ்சம் உண்டு. யானை தின்றது போகத்தான் வீட்டுக்கு. நான்காம் வகுப்புவரை படித்தார். பதினாறு வயதில் ஊர்க்காரர் ஒருவரோடு மைசூருக்கு வந்து கட்டட வேலையில் சட்டி சுமந்தார். பிறகு கொத்தனார் ஆனார், பிறகு மேஸ்திரி. கொள்ளேகால் பக்கத்திலிருந்து அம்மாவைத் திருமணம் செய்து வந்தார். எந்த வீடு கட்டுகிறோமோ அந்த மனையின் மூலையில் தகரக் கொட்டகை போட்டு அதில் குடியிருப்போம். வீடு முடிந்ததும் தகரத்தைக் கழற்றிக்கொண்டு அடுத்த மனைக்குப் போவோம். நான் பிறந்தது மைசூர் விஜயநகரில், பாப்பா பிறந்தது போகாதியில் என்று அம்மா சொல்வார். இரண்டு இடத்திலும் இப்போது யாரோ இருக்கிறார்கள், நல்ல வீடுகள்.

மனை மாறினாலும் பாப்பாவின் பள்ளியை அப்பா மாற்றவில்லை. ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். எனக்கும் அதே சைக்கிள்தான். நான்தான் நடுவில் இறங்கிக்கொண்டேன். அதற்காக அவர் என்னை அடித்ததில்லை. "உனக்கு நடக்கறது புடிக்குது, அவளுக்கு உக்காந்து படிக்கறது புடிக்குது" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

பாப்பா சிவில் படித்து முடித்தாள். அவளுடைய கல்லூரி மேடம் ஒருவர்தான் ஜெர்மனியில் முழு உதவித்தொகையோடு மேற்படிப்பு இருக்கிறது, விண்ணப்பம் போடு என்றார். கட்டுமானப் பொருள்களைப் பற்றிய படிப்பு. அப்பாவுக்கு உடனே சந்தேகம். எங்கள் பக்கத்தில் சோறும் இடமும் வண்டியும் தருகிறேன் என்று வருகிறவன் செங்கல் சூளைக்கு ஆள் பிடிக்கிறவன்.

"எல்லாம் அவங்களே தர்றாங்கன்னா, போன பொண்ண திருப்பி வுடுவாங்களா?"

"ரெண்டு வருஷம் படிச்சா போதும்ப்பா."

"படிச்சா போதும்னு எவனாச்சும் சோறு போடுவானா? வேலை என்ன வாங்குவான், அதக் கேளு."

மேடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கே வந்தார். நாற்காலி இல்லாததால் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து, அந்த ஊருக்குப் போய்ப் படித்துத் திரும்பிய தம் மாணவிகள் மூவரைப் போனில் கூப்பிட்டு அப்பாவோடு பேசவைத்தார். மூன்று பேரிடமும் அப்பா கேட்டது ஒரே கேள்வி: "பாஸ்போர்ட்டு உங்ககிட்டயே இருந்துதா, அவங்க வாங்கி வெச்சுக்கிட்டாங்களா?" தங்களிடமே இருந்தது என்று மூவரும் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டார். விண்ணப்பத் தாள்களை ஒரு பெயிண்ட் டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டார். தகரக் கூரை மழைக்கு ஒழுகும்.

நேர்காணல் கணினி வழியாக. மேடம் தம் வீட்டில் வந்து பேசச் சொன்னார். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "நம்ம பொண்ணக் கேட்டு வர்றவங்க நம்ம வீட்டுலதான் வந்து பாக்கணும். இன்னொருத்தர் வீட்டுல உக்கார வெச்சா, பொண்ணுக்கு வீடில்லைன்னு ஆயிரும்" என்றார். மேடம் சிரித்துவிட்டு மடிக்கணினியைக் கொடுத்தனுப்பினார். அந்த நாளில்தான், அப்பா கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கூரைத்தளம் போட வீட்டுக்காரர் நல்ல நேரம் குறித்திருக்கிறார் என்பது அப்பாவுக்கு முந்தைய நாள்தான் நினைவுக்கு வந்தது. நம் வீட்டில்தான் என்று சொன்ன பேச்சை மாற்றிக்கொள்ளவும் அவருக்கு மனமில்லை.

தளத்தைக் காலையில் தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். பாதியில் விட்டால் பழைய கலவையும் புதிய கலவையும் ஒட்டாது. அன்று நானும் ஊரில் இருந்தேன். சட்டி வாங்கிக் கொடுக்கும் வரிசையில் நின்றேன். மதியம் இரண்டரைக்கு, கீழே கொட்டகையில் நேர்காணல் தொடங்கும் நேரத்தில், அப்பா மேலே நின்றபடி மிக்சரை நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார்.

"மிக்சர் நில்லிஸ்ரோ! வைப்ரேட்டரும் வேணாம். கலந்து கெடக்கறத மட்டும் கைக்குக் கை குடுங்க. கம்பியால குத்துங்க. நாப்பது நிமிசம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

எனக்கு முன்னால் நின்ற அக்கா ஒருத்தி சட்டியை வாங்கிக்கொண்டே மெல்லக் கேட்டாள். "ஏனுங் மேஸ்திரி, பொண்ணு பாக்க வந்திருக்காங்களா?"

"ஆமா. கடலுக்கு அந்தாண்டயிருந்து."

"மாப்பிள்ளை எப்படிங்?"

"நாலு பேரு உக்காந்திருக்காங்க. அதுல ரெண்டு பேரு பொம்பளைங்க."

இருபத்தைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சட்டிகள் சத்தமில்லாமல் ஏறின, இறங்கின. பாதி நேரத்தில் தெருமுனையில் வெங்காய ஆட்டோ ஒலிபெருக்கியோடு திரும்பியது. அப்பா சாரத்திலிருந்து இறங்கி ஓடினார். அந்த ஆளின் ஒலிபெருக்கியை அணைக்கவைக்கப் பத்துக் கிலோ வெங்காயம் வாங்க வேண்டியிருந்தது. அடுத்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் வெங்காயக் குழம்புதான்.

பாப்பா வெளியே வந்து, "முடிஞ்சுதுப்பா" என்றாள். என்ன கேட்டார்கள் என்று அப்பா கேட்கவில்லை. "மிக்சர் போடு" என்றார்.

அன்று மாலை வீட்டுக்காரர் வந்தபோது அப்பா தாமாகவே சொன்னார்: "கிழக்கு மூலையில எனக்குச் சந்தேகமா இருக்குதுங்க. வைப்ரேட்டர் போடல. பலகை பிரிக்கறப்ப நீங்களும் வந்து நில்லுங்க." பலகையைப் பிரித்தபோது, கலவை அதிர்ந்து இறுகாத அந்த மூலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தேன்கூடு போல ஓட்டைகள் இருந்தன. பலம் குறையும் அளவுக்கு ஆழமில்லை. ஆனாலும் அப்பா அந்த இடத்தை உடைத்து, கம்பியைத் துலக்கி, இரண்டு நாள் தம் கூலியில் அடைத்தார். "சொல்லாமலே பூசியிருக்கலாமே மேஸ்திரி" என்றார் வீட்டுக்காரர். "பூசலாமுங்க. அதுக்குக் கீழ படுக்கறது நீங்கதானே" என்றார் அப்பா. அந்த வீட்டுக்காரர் அப்பாவின் இறுதி ஊர்வலத்தில் மயானம்வரை நடந்து வந்தார்.

ஜெர்மனி லெட்டர் வந்த பிறகு, ஆடி மாதக் கடைசியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். நான் ஹூப்ளியில் ஒரு லாரி பட்டறையில் இருந்தேன்; ஏழாம் நாள் வந்து சேர்ந்தேன். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"பாப்பா டிக்கெட்டு எப்ப?"

"இன்னும் இருபத்திநாலு நாள் இருக்குப்பா."

"அதுக்குள்ள எந்திரிச்சிருவேன். எந்திரிக்கலைன்னாலும் ஏத்தி வுட்டுரு. அம்மாவக் காட்டி அவ நின்னுக்குவா. நிக்க வுடாத."

இரண்டு நாளில் போய்விட்டார். வலியில்லாமல், அம்மா அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது. நான் கொள்ளி வைத்தேன்.

அப்பா சொன்னபடியே ஆயிற்று. பாப்பா பயணத்தை நிறுத்திவிட்டாள். அடுத்த வருடம் வரலாமா என்று ஜெர்மனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். இடம் இந்த வருடத்துக்கு மட்டும்தான், குறித்த நாளில் வந்து சேர வேண்டும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. "பேடாண்ணா, விட்டுரு. அம்மா தனியா இருக்க முடியாது. நீ எந்த ஊர்ல மூணு மாசம் சேந்தாப்ல இருந்திருக்க, சொல்லு" என்றாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோபிநத்தத்திலிருந்து பெரியப்பா வந்திருந்தார். அப்பாவின் அண்ணன். விமானத்துக்கு ஆறு நாள் இருந்தது. படையல் முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது பேச்சு வந்தது. பெரியப்பா தலையை ஆட்டினார்.

"ஆகாது சாமி. வருசம் திரும்பாம கடல் தாண்டக் கூடாது. தம்பி போன வீடு. இன்னொரு கெட்டது தாங்காது."

அவர் கண் கலங்கித்தான் சொன்னார். பயத்தில் சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. நான் கேட்டேன்.

"பெரியப்பா, இந்தத் தடை யாருக்கு? கொள்ளி வெச்சவனுக்கா, வீட்டுல இருக்கற அத்தனை பேருக்குமா?"

அவர் யோசித்தார். "கொள்ளி வெச்சவனுக்குத்தான். மலை ஏறக் கூடாது, ஊரெல்லை தாண்டக் கூடாது, அமாவாசைக்கு அமாவாசை அப்பனுக்குப் படைக்கணும்."

"கொள்ளி வெச்சது நானு. பாப்பா இல்ல."

"வெச்சது நீதான். நீ ஒரு வருசம் ஒரே ஊர்ல இருப்பியா?"

மூலையிலிருந்து அத்தை சொன்னார்: "இவனா? தொவச்ச சட்டை காயறதுக்குள்ள ஊரு மாறிருவான்." துக்க வீடு என்றும் பாராமல் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள், பதினாறு நாளில் முதல்முறையாக.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இருக்கறேன்னு அவன் இதுவரைக்கும் ஒருதடவயும் சொன்னதில்ல. சொல்லாத சொல்ல எப்படித் தப்புவான்? மொதல்ல சொல்லட்டும்" என்றார்.

"இருக்கறேன்" என்றேன்.

பெரியப்பா என் தோள்பையைக் கொண்டுவரச் சொன்னார். துணிகளை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வெறும் பையைச் சுருட்டித் தம் அக்குளில் வைத்துக்கொண்டார். "இது எங்கூட வருது. வருசம் திரும்பட்டும், வந்து வாங்கிக்க. பாப்பா, நீ போய்ட்டு வா கண்ணு."

அன்று மாலை பாப்பா என்னைத் தனியே பிடித்து, "நெஜமாண்ணா?" என்றாள். "பாக்கலாம்னு சொல்லல. இருக்கறேன்னுதான் சொன்னேன்" என்றேன். அவள் பெயிண்ட் டப்பாவைத் திறந்து தாள்களை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

ஆறாம் நாள் மைசூர் பேருந்து நிலையத்தில், பெங்களூர் விமான நிலையத்துக்குப் போகும் பேருந்தில் ஏற்றினோம். துணைக்கு மேடம் போனார். "ஏர்போர்ட் வரைக்குமாச்சும் வாண்ணா" என்று பாப்பா அழைத்தாள்.

"வேணாம் பாப்பா. பெங்களூர் வந்தா, அங்கிருந்து எந்த பஸ்சு எங்க போகுதுன்னு பாப்பேன்."

அவள் சன்னல் வழியாக அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். பேருந்து நகர்ந்த பிறகுதான் விட்டாள்.

அப்பா போய் வருடம் திரும்பிவிட்டது; இந்த ஒரு வருடத்தில் எங்களைத் தாங்கியவர்களை நினைக்காமல் இதை முடிக்க முடியாது. மருத்துவமனையில் முறைவைத்து இரவு விழித்த அப்பாவின் வேலையாட்கள், மயானத்தில் முன்நின்ற பக்கத்துத் தெரு இளைஞர்கள், அம்மாவுக்குக் குடியிருக்க ஓட்டு வீடு பார்த்துக் கொடுத்த அந்த வீட்டுக்காரர், பன்னிரண்டு அமாவாசையும் வந்து சமைத்த அத்தை, பெரியப்பா, எல்லாருக்கும் எங்கள் வணக்கம். மேடத்துக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பா இருந்திருந்தால் ஏதாவது கட்டிக்கொடுத்திருப்பார். பாப்பா முதல் வருடம் தேறிவிட்டாள். பாஸ்போர்ட் அவளிடமேதான் இருக்கிறது. அதை உங்கள் எல்லாரிடமும் சொல்லச் சொன்னாள்.

அவளை ஏற்றிவிட்ட மறுநாள் காலை நான் வேலை தேடிப் போனேன். ஊரை விட்டு வெளியே போகவிடாத வேலை வேண்டும் என்று கேட்டு வைத்திருந்தேன். போகாதிக்கு அப்பால் ஒரு லேஅவுட்டில் வாட்டர்மேன் வேண்டும் என்றார்கள். தினமும் காலையும் மாலையும் தெருத்தெருவாக வால்வு திறந்து, மூடி, வீடுகளுக்குத் தண்ணீர் விடும் வேலை. முன்பிருந்தவர் பண்டிகைக்கு ஊருக்குப் போய் நான்கு நாள் வராததால், குடத்தோடு வந்து நின்ற பெண்களிடம் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எஷ்டு தின இர்த்தியப்பா?" எத்தனை நாள் இருப்பாய் என்கிறார்.

"ஒந்து வர்ஷா சார்."

"ரஜா?"

"பேடா சார்" என்றேன். லீவு வேண்டாம் என்று நான் சொன்ன முதல் வேலை அது. அவர் வால்வு திறக்கும் நீளக் கம்பியை என் கையில் கொடுத்து, முதல் தெருவைக் காட்டினார்.