காளியம்மா வீட்டுக் குளியலறைக் கதவு

யோகேஸ்வரி மலேசியாவில் லாபிஸ் ஊர்க்காரி. இருபத்திரண்டு வருடமாக வீட்டுப் பிளான் வரைகிறாள். பெரிய படிப்பெல்லாம் இல்லை. படித்தவர்கள் கிறுக்கிக் கொடுப்பதை மனிதர்கள் குடியிருக்கிற மாதிரி திருத்தித் தருவது அவள் வேலை. ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறிய வயசாளிகளுக்கு ஓர் அறக்கட்டளை கம்பம் என்று சொல்லும் பக்கத்துக் கிராமத்தில் பன்னிரண்டு வீடுகள் கட்ட வந்தபோதுதான், முழுப் பிளானும் முதல் தடவையாக அவள் கைக்கு வந்தது.

ஒரு மாதம் அதற்காகவே அலைந்தாள். வயசாளிகளை உட்காரவைத்து எழுந்திருக்கச் சொல்லுவாள். கை எந்த உயரத்தில் எதைத் தேடுகிறது என்று பார்த்து, அங்கே பிடிகம்பி வரைவாள். வாசலில் படி இல்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்கு எட்டே அடி. குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும், ஏனென்றால் உள்ளே யாராவது விழுந்தால் விழுந்த உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். இதைக் கண்டிராக்டரிடம் மூன்று தடவை சொன்னாள்.

சாமி மேடையை மட்டும் மறந்துவிட்டாள். அறக்கட்டளையின் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, சரி. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிற இவளுக்குமா நினைவு வரவில்லை? அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கிழக்குப் பார்த்துச் சாமி வைக்க அந்த வீட்டில் ஒரே சுவர்தான். அதற்கு நேர் எதிரே குளியலறை.

பால் காய்ச்சிய அன்றே காளியம்மா பிடித்துக்கொண்டாள். எழுபத்து நாலு வயசு, தனிக்கட்டை. முதல் வீடு அவளுக்கு.

"ஏம்மா, கதவத் தொறந்தா முருகன் மூஞ்சிக்கு நேரா வந்து நிக்குது. கக்கூசுக் கதவும்மா."

"நீங்க உள்ள விழுந்துட்டா தூக்கணும் இல்லம்மா. அதுக்குத்தான்."

"நான் எதுக்கு விழுறேன்? அதான் சுத்திக் கம்பி போட்டிருக்கியே லா. உள்பக்கம் தொறக்குற மாதிரி மாத்திக் குடு. இல்லேன்னா இந்த வீட்டுல வெளக்கு ஏத்த மாட்டேன்."

நாற்பது வருடம் ரப்பர்ப் பால் வெட்டிய கை, விளக்கை ஏற்ற மாட்டேன் என்கிறது. யோகேஸ்வரி திரை போடலாமா என்று கேட்டுப் பார்த்தாள். காளியம்மா மசியாததால் சரி என்று தலையை ஆட்டிவிட்டாள். ஒரு வீட்டுக்கு மட்டும்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஒரே வாரத்தில் மற்றப் பதினொரு வீடுகளும் அதையே கேட்டன. கண்டிராக்டர் எல்லாக் கதவையும் கழற்றி மாட்டினார். கதவு மாற்றத்துக்கான தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. கம்பத்திலிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். சனிக்கிழமைதோறும் ஏதாவது சாக்கு வைத்துப் போவாள். குளியலறைத் தரையைக் காலால் தேய்த்துப் பார்ப்பாள். ஈரம் இருந்தால் தானே துடைப்பாள். வயசாளிகள் அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

டிசம்பரில் மழை விடாமல் கொட்டியது. ஒரு காலையில் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி போன் பண்ணினாள். "காளியம்மா பாத்ரூமுக்குள்ள மொனகுது. கதவு நகர மாட்டேங்குது. தீயணைக்கிற பொம்பாவுக்குச் சொல்லியாச்சு, ரோட்டுல தண்ணியாம், லேட்டாகுமாம்."

யோகேஸ்வரி போய்ச் சேர்ந்தபோது புஷ்பவள்ளியின் கணவர் லோகேஸ்வரன் கதவில் தோளை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "தள்ளாதீங்கப்பா. இடுப்புல இடிக்குது."

கீலைக் கழற்றலாம் என்றால், உள்ளே திறக்கும் கதவுக்குக் கீல் உள்ளேதான் இருக்கும். ஜன்னல் கையகலம், அதற்கும் கம்பி. வேறு வழியில்லாமல் கதவின் மேல்பாதியை ரம்பத்தால் அறுத்தார்கள். கனமான பலகை. யோகேஸ்வரி கதவில் வாயை வைத்துப் பேசிக்கொண்டே இருந்தாள். "இதோம்மா, ஆச்சும்மா." முதலில் பதில் வந்தது. பிறகு முனகல் மட்டும். அறுத்து முடிப்பதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

கருமாதி முடிந்த மறுநாள் ஓர் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு மற்ற வீடுகளின் கதவுகளை மாற்றப் போனாள். முதலில் புஷ்பவள்ளி வீடு.

"வேணாம்மா," என்றாள் புஷ்பவள்ளி. "அதுக்கு நேரம் வந்துச்சு, போயிடுச்சு. கதவு என்ன பண்ணும்?"

"என்னாலதான்க்கா போனாங்க. நான் மாத்திக் குடுத்திருக்கவே கூடாது."

"அப்படியெல்லாம் பேசாத. எங்களுக்கு வீடு கட்டிக் குடுத்த புள்ள நீ." அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். பதினொரு வீட்டிலும் அதே அன்பு, அதே பதில். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

ஆசாரியை அனுப்பிவிட்டு, வைத்துவிட்டு வந்த கைப்பையை எடுக்கப் புஷ்பவள்ளி வீட்டுக்கே திரும்பினாள். கூடத்தில் யாரும் இல்லை. எதிரே குளியலறைக் கதவை யாரோ உள்ளிருந்து சாத்தினார்கள், தாழ்ப்பாள் விழுந்தது. யோகேஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றாள். உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்கும்வரை அவள் மூச்சு விடவில்லை.